அம்பலவியைக் கடல் உள்ளே விடாத காலம்

முருகைத்தீவுக் கடல் அம்பலவியைத் தன் உள்ளே விட மறுத்தது ஒரு மாசி மாதக் காலையில். வழக்கம்போல அவர் நீச்சல் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேற்குக் கரையால் இறங்கி நடந்தார். அந்தப் பக்கத்துக் கடல் நெடுந்தூரத்துக்கு ஆழமில்லாதது என்பதால், நீர் கணுக்காலுக்கு மேல் ஏறாததை அவர் முதலில் கவனிக்கவில்லை. நடந்து, மேலும் நடந்து, வள்ளங்கள் கட்டும் தடிகளையும் தாண்டிய பிறகு குனிந்து பார்த்தபோதுதான், தம் பாதங்களுக்கு வெகு கீழே கடற்புல் ஆடுவதையும், அதற்குள் ஒரு திருக்கை மணலைத் தட்டிக்கொண்டு போவதையும் கண்டார். அலை வந்தால் அதோடு உயர்ந்தார், அலை போனால் அதோடு இறங்கினார். சாணமிட்டு மெழுகி ஈரம் காயாத நிலம் போல உள்ளங்காலுக்குக் குளிர்ச்சியாகவும் கொஞ்சம் இளக்கமாகவும் இருந்தது கடல்.

நெஞ்சளவு நீரில் நின்று வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த பொன்னுக்கிளி, தன் கண்ணுக்கு நேரே அவருடைய முழங்கால்கள் வந்து நிற்பதைக் கண்டாள். அம்பலவிக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள், வாய்க்காரி. நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சொறி கனக்க மிதக்குது அண்ணை, பட்டால் கடிக்கும், பாத்துக் கால் வையுங்கோ" என்றாள். பிறகு நண்டைக் கழற்றத் தொடங்கினாள்.

தீவில் அதற்கு முன்பும் அம்பலவியின் கடல் நடமாட்டம் ஒரு பேச்சாகத்தான் இருந்தது. அவருக்கும் அவர் மனைவி பவளத்துக்கும் பிள்ளைகள் இல்லை. மற்ற வீடுகள் பிள்ளைகளுக்குத் தலைவாரி இழுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர்கள் இருவரும் ஒரு சிறு சட்டியும் உப்பும் தூளும் ஒரு பாதித் தேங்காயும் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். வற்றுக்கடலில் தீவைச் சுற்றி நடப்பார்கள், மட்டி பொறுக்குவார்கள், மேற்கே கடலுக்குள் பாறைத்திட்டாக இருக்கும் முருகைப் பாருக்கு நீந்திப்போய்க் கணவாய் குத்துவார்கள், கரைக்கு வந்து சிரட்டைத் தணலில் அதைச் சுட்டு, விரலைச் சுட்டுக்கொண்டு தின்பார்கள். பெண்ணொருத்தி அப்படி நீந்துவதைப் பற்றி ஊர் சில காலம் பேசிவிட்டுப் பிறகு களைத்து விட்டது. அந்தப் பாரின் அடியில், இரண்டு கல்லுகளுக்கு நடுவே, உப்புக்கடலுக்குள் நன்னீர் ஊறிவரும் ஒரு கண் இருந்தது. மூச்சை அடக்கி முக்குளித்துப்போய், வாயை அதோடு ஒட்டிவைத்தால் கிணற்றுத் தண்ணீரைவிடக் குளிர்ந்த நீர் வாய்க்குள் ஏறும். அதைக் குடிப்பதற்காகவே அவர்கள் போனார்கள். ஒருவர் குடிக்கும்போது மற்றவர் பக்கத்தில் கல்லைப் பிடித்துக்கொண்டு முறைக்குக் காத்திருப்பார்.

பவளம் ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் காய்ச்சலில் செத்துப்போனாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோஞ்ச் படகு ஓடாத நாட்கள் அவை.

முருகைத்தீவில் ஒரு வழக்கம் உண்டு. ஆளைப் பறிகொடுத்தவர் வருடம் திரும்பி ஆட்டைத்திவசம் முடியும்வரை எந்தப் பந்தியிலும் இருக்கமாட்டார். கலியாணமோ, கோவில் அன்னதானமோ, பக்கத்து வீட்டில் ஒரு நேரக் கூழோ, எதுவானாலும் அவருடைய பங்கு தூக்குச்சட்டியில் அவர் வீடு தேடிப் போகும். ஆட்டை முடிந்ததும் செத்தவரின் பக்கத்து உறவில் ஒருவர் வந்து கையைப் பிடித்து அழைத்துப்போய் முதல் பந்தியில் இருத்துவார். அதற்குப் பிறகு அவர் பழையபடி ஊரோடு ஒருவர். பவளத்துக்கு அண்ணன் தம்பிமார் இல்லை. இருந்த ஒரு தமக்கையும் வவுனியாவில் படுத்த படுக்கை. கிழக்குத் தெருவார் மேற்குத் தெருவார் இருத்தியிருப்பார்கள் என்று நினைத்தார்கள், மேற்குத் தெருவார் கோவிலில் நடந்திருக்கும் என்று நினைத்தார்கள், கோவில்காரர் அது உறவுக்காரர் பாடு என்று விட்டுவிட்டார்கள். தூக்குச்சட்டிகள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. அம்பலவியும் வாய் திறக்கவில்லை. உப்புக் கேட்கலாம், புளி கேட்கலாம், ஒரு நேரச் சோறுகூடக் கேட்டு வாங்கலாம், பந்தியில் இடம் கேட்டு வாங்குகிற மனிதர் முருகைத்தீவில் அதுவரை பிறக்கவில்லை.

கடல் அவரைத் தாங்கத் தொடங்கியது ஆட்டை முடிந்த அடுத்த வருடத்தில்.

முதல் கிழமை பிள்ளைகள் தாங்களும் நடந்து பார்க்கப்போய் மூக்கால் தண்ணீர் குடித்துவிட்டு ஓய்ந்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் அந்த வருடம் உப்பு அதிகம் விளைந்ததைக் காரணமாகச் சொன்னார். கோவில் ஐயர் சித்தர்களுக்கு இது கைவந்த கலை என்று சொல்லிவிட்டு, அம்பலவி சுருட்டுக் குடிப்பதை நினைத்து அதைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னார். பக்கத்துத் தீவிலிருந்து பாதிரியார் லோஞ்சில் வந்து இறங்கி, தங்கள் வேதத்திலும் இப்படி நடந்ததுண்டு, அதற்குப் பெரிய விசுவாசம் வேண்டும், உமக்கு எதிலே விசுவாசம் என்று விசாரித்தார். அம்பலவி நெடுநேரம் யோசித்து, வைகாசி பிறந்தால் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுப் பெயரும் என்பதில் தமக்கு விசுவாசம் உண்டு என்றார். பாதிரியார் பொன்னுக்கிளி கொடுத்த வடையைத் தின்றுவிட்டு, சற்று மனத்தாங்கலோடு மாலை லோஞ்சில் திரும்பிப்போனார்.

பிறகு ஊர் அதற்கு ஒரு வேலை கண்டுபிடித்தது. கடற்றொழில் சங்கத்துத் தலைவர் சபாபதிக்குத்தான் அது முதலில் தோன்றியது. தடிகள் நட்டு வலைகட்டிய இறால் பட்டிகளில் நாள் முழுக்க நிற்கும் ஆட்களுக்கு ஒடியல் கூழ் கரையில் இருந்து போய்ச் சேர்வதற்குள் ஆறி, ஆடை படிந்து, களிபோல ஆகிவிடும். நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் போட்டுக் காய்ச்சி, புளிவிட்டு இறக்கிய கூழ் ஆறினால் அதற்குப் பெயர் கூழ் இல்லை என்று முருகைத்தீவார் நம்பினார்கள். இப்போது அம்பலவி தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் கூழ்ப்பானையை வைத்து, நேர்வழியாகக் கடலுக்கு மேலே நடந்துபோனார். பானையின் ஆவி அவருக்குப் பின்னால் ஒரு வால்போல நீண்டு போவது கரையிலிருந்து தெரியும். பட்டியில் நின்றவர்கள் சுடச்சுட வாங்கி ஊதி ஊதிக் குடித்தார்கள். அவருடைய பங்கை மறக்காமல் தூக்குச்சட்டியில் ஊற்றி மூடிக் கொடுத்தார்கள். தனியாள், பாவம், வீட்டில் ஆறுதலாக இருந்து குடிக்கட்டும் என்றார்கள். அவர் அதை எடுத்துக்கொண்டு வந்து, வீட்டுக் கதவைத் திறந்து, குந்தியிருந்து, ஆறிய கூழைக் குடித்தார்.

பாரில் சிக்கிய வலையை மேலே நின்று இழுத்தெடுக்க அவரைக் கூப்பிட்டார்கள். நீரோட்டத்தில் அடிபட்டுப்போன மிதப்புக்கட்டையைத் தேடி அவரை அனுப்பினார்கள். அக்கரைத் தீவில் கலியாணத்துக்குப் போனவர்கள் விட்டுப்போன கூறைச்சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்த் தாலிகட்டுக்கு முன் சேர்த்தார். அன்று அந்த வீட்டார் கண்கலங்கி அவருக்குப் பெரிய தூக்குச்சட்டியாகப் பார்த்துக் கொடுத்தார்கள். உப்பு அரித்து அவர் குதிகால் வெடித்தபோது பெண்கள் நல்லெண்ணெய் காய்ச்சி அனுப்பினார்கள். அவரைப் போல ஒருவரை ஊர் தாங்கியதே இல்லை என்று வெளித்தீவுகளில் பேசிக்கொண்டார்கள்.

அம்பலவிக்கு ஒரே ஆசைதான் இருந்தது, கடலுக்குக் கீழே போகவேண்டும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து பாருக்கு நேர் மேலே போய் நின்று கீழே பார்ப்பார். கண்ணாடித் தட்டுக்கு அடியில் வைத்ததுபோல அந்த இரண்டு கல்லுகளும் தெரியும். குப்புறப் படுத்தால் நெஞ்சு நனையும், அவ்வளவுதான். கையை முழங்கை வரைகூட உள்ளே தள்ள முடியாது.

ஒருநாள் பட்டிக்காரரிடம் அதைச் சொல்லி உதவி கேட்டார். அவர்கள் நல்ல மனதோடு அவருடைய இடுப்பில் கல்லுக் கட்டினார்கள், பிறகு வள்ளத்து நங்கூரத்தையே கட்டினார்கள். நங்கூரம் போய் அடியில் குத்தியது. கயிறு விறைத்து நின்றது. கயிற்றின் மேல்நுனியில் அம்பலவி, கட்டையில் கட்டிய ஆடுபோல, கடலுக்கு மேலே நின்றார். அவர்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாங்கள் தாழாமல் இருக்க அம்மனுக்கு நேத்தி வைக்கிறம், அண்ணை தாழ்றதுக்கு நேத்தி வைப்பார் போல" என்று சபாபதி சொன்னார். அம்பலவியும் சிரித்தார். அவிழ்த்துவிடும்வரை நின்றார்.

அந்த வருடம் கார்த்திகையில், வாடைக்காற்றுக்கு ஒதுங்கி முல்லைத்தீவுப் பக்கத்து மீன்பிடிகாரர் சிலர் வந்து, முருகைத்தீவுக்குத் தெற்கே இருந்த மணல்திட்டியில் கொட்டில் போட்டார்கள். அவர்களுக்கு மூத்தவர் பேதுருப்பிள்ளை. பெரிய வயிறும் அதைவிடப் பெரிய குரலும் கொண்டவர். ஒரு மத்தியானம், அவர்களுடைய மிதப்பு ஒன்று அறுந்து முருகைத்தீவுப் பட்டியில் வந்து சிக்கியதைக் கொண்டு கொடுக்க அம்பலவி தெற்கே நடந்தார். திட்டியில் இருந்தவர்கள் அவர் தூரத்தில் வருவதைக் கண்டு, அந்த இடத்தில் ஆழமா ஆழமில்லையா என்று தங்களுக்குள் வாதாடி, ஆழம்தான் என்று முடிவாகிற நேரத்தில் உலை பொங்கிவிட்டது. எல்லோரும் அதைக் கவனிக்கப் போய்விட்டார்கள்.

மிதப்பைக் கொடுத்தார். கூழ் மணத்தது. சுறாத்தலை போட்ட கூழ். பேதுருப்பிள்ளை ஒரு பனையோலையை மடித்துக் கூழ் குடிக்கும் பிளாக் கோலிக்கொண்டே அவரை இருக்கச் சொன்னார். அம்பலவி பழக்கத்தில், தரும் பங்கைத் தந்தால் கொண்டுபோய்விடுவதாகச் சொன்னார்.

"எதுக்குள்ளை ஊத்திறது? இஞ்சை இருக்கிறது ஒரு பானை. உம்மடை வாயைத் தவிர வேறை ஏனம் கிடையாது. இரும் ஐசே."

அவர் இருந்தார். எத்தனை காலத்துக்குப் பிறகு என்று அவர் முழங்கால்களுக்குத்தான் தெரியும். மணல் சூடாக இருந்தது. ஓலை போதவில்லை. அவருக்கும் பேதுருப்பிள்ளைக்கும் ஒரே பிளா. ஒருவர் குடித்து மற்றவரிடம் கொடுக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டியிருந்தது. உறைப்பில் அவருக்கு மூக்கு ஓடியது. மாப்பிள்ளை பொம்பிளை வீட்டில் குடிக்கிற மாதிரி உறிஞ்சுகிறீர் என்று ஒருவன் நக்கலடித்தான். பேதுருப்பிள்ளை அவருடைய வீட்டு விசயங்களைக் கேட்டார், மனிசி செத்ததைக் கேட்டுத் தலையாட்டினார், சமையலுக்கு ஆர் என்று கேட்டார். ஊரே சமைத்துத் தருகிறது, ஒரு குறையும் இல்லை என்று அம்பலவி சொன்னார்.

"அது சரி. ஆரோடை இருந்து சாப்பிடுறனீர்?"

அம்பலவி பிளாவை வாங்கி ஒரு மிடறு குடித்தார். பிறகு இன்னொரு மிடறு. பேதுருப்பிள்ளை அகப்பையால் அடியில் கிடந்த சுறாத்தலைத் துண்டைத் தேடி எடுத்து அவர் பக்கம் போட்டார்.

திரும்பி வரும் வழியில், திட்டிக்கும் தீவுக்கும் நடுவில், வலது கால் உள்ளே போயிற்று. முழங்கால் வரை போயிற்று. அவர் நின்றார், இடது காலும் போயிற்று, இடுப்பு, நெஞ்சு, கழுத்து. கடல் அவரை ஒரு சத்தமும் இல்லாமல் வாங்கிக்கொண்டது. அவர் கரை வந்தபோது தலைமயிரிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கண்டவர்கள் பதறிப்போய், விழுந்துவிட்டீர்களோ, என்ன நடந்தது என்று கேட்டுத் துவாயோடு ஓடிவந்தார்கள். அன்று இரவு அவருக்கு எல்லா வீட்டிலிருந்தும் ஏதாவது வந்தது. அவர் அதை வீட்டில் இருந்து சாப்பிட்டார். விடியப்போய்க் கடலில் கால் வைத்தார். கணுக்கால்.

அப்போது அவருக்கு விளங்கிவிட்டது. ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு மத்தியானமும் அவர் திட்டிக்குப் போனார். போகும்போது நடந்து போனார், வரும்போது நீந்தி வந்தார். சில நாட்களில் களைப்பில் பாதி வழியில் பேதுருப்பிள்ளையின் வள்ளத்தில் ஏறிவந்தார். பார் தீவின் மறுபக்கத்தில் கிடந்தது. அங்கே சுற்றிப்போவதற்குள் பொழுது பட்டுவிடும். நாளைக்குப் போகலாம், இன்னும் காலம் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வார். பின்னேரப் பட்டிகளுக்குக் கூழ் ஆறிப்போகத் தொடங்கியதில் சங்கத்துக்கு வருத்தம். அம்பலவியண்ணை வயிறு காய்ந்துதான் அந்நியரிடம் போகிறார் என்று சபாபதி நினைத்தார். அவருக்குக் கொடுக்கும் சாப்பாட்டைக் கூட்டச் சொல்லி வீடு வீடாகச் சொன்னார். தூக்குச்சட்டிகள் அவர் வாசலில் வரிசையாக வந்து நின்றன, புட்டும் கணவாய்க்கறியும், சுறா வறையும், இடியப்பமும் சொதியும். அவர் ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

பிறகு வைகாசி பிறந்தது. அவருடைய விசுவாசம் பொய்க்கவில்லை, சோளகம் பெயர்ந்தது. ஒரு காலை அவர் தெற்கே நடந்துபோனபோது திட்டியில் கொட்டில் போட்ட குழிகளும் சாம்பலும் மட்டும் இருந்தன. முதல்நாளே பேதுருப்பிள்ளை சொல்லியிருந்தார், காற்று இழுக்கும்போது நிற்கமுடியாது என்று. அவர் சாம்பலுக்குப் பக்கத்தில் கொஞ்சநேரம் நின்றார். திரும்பி நடந்து வந்தார், கணுக்கால் நனைய.

ஊருக்கு நிம்மதி. கூழ் திரும்பச் சுடச்சுடப் போனது. ஆனி மாதத்துத் தெப்பத் திருவிழாவுக்கு இந்த முறை அம்மனின் தெப்பத்துக்கு முன்னால் அம்பலவியண்ணை தீபத்தோடு கடல்மேல் நடந்து போகவேண்டும் என்று கோவிலில் முடிவெடுத்தார்கள். அதைப் பார்க்கவென்றே எல்லாத் தீவுகளிலிருந்தும் லோஞ்ச் லோஞ்சாகச் சனம் வந்து இறங்கியது. பொழுது சாயமுன் தெப்பம், மத்தியானம் அன்னதானம். அம்பலவி வழக்கம்போல கோவில் மடத்துச் சமையல் குசினிப் பக்கம் தூக்குச்சட்டியோடு போனார். பொன்னுக்கிளி சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பாற்கறியும் பூசணிக்காயும் நிரப்பி, அப்பளத்தை மேலே வைத்து மூடிக் கொடுத்தாள்.

அவர் அதை வாங்கி, அவள் பார்த்துக்கொண்டிருக்கவே, குசினித் தட்டில் திரும்ப வைத்தார். மடத்துக்குள் போனார். பந்திப்பாயில் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் இருந்தது. அதில் இருந்தார்.

பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். திட்டியில் சாப்பிட்ட நாட்களில் அவர் நனைந்து வந்தது நினைவுக்கு வர, சபாபதி வந்து குனிந்து மெல்லச் சொன்னார்.

"அண்ணை, பின்னேரம் தெப்பம் இருக்கு."

"தெப்பம் மிதக்கும், தம்பி."

"அதில்லை அண்ணை, சனம் உங்களைப் பாக்கத்தான்…"

"பவளம் செத்து ஆட்டை முடிஞ்ச பிறகு என்னை ஒருத்தரும் கொண்டுவந்து இருத்தேல்லை" என்றார் அம்பலவி. குரலை உயர்த்தவில்லை. "பாத்துக்கொண்டிருந்தன். இப்ப நானே வந்து இருந்திட்டன்."

அந்தச் சொல் பந்தியின் ஒரு தலையிலிருந்து மறு தலைக்குப் போனது. கிழக்குத் தெருவார் மேற்குத் தெருவாரைப் பார்த்தார்கள், மேற்குத் தெருவார் கோவில்காரரைப் பார்த்தார்கள், கோவில்காரர் தங்கள் இலையைப் பார்த்தார்கள். கடகத்தில் சோற்றோடு வந்தவன் என்ன செய்வதென்று தெரியாமல் நடுவில் நின்றான். குசினி வாசலில் இருந்து பொன்னுக்கிளி கத்தினாள்.

"என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? சோறு ஆறுது, போடன் அவருக்கு."

இலை வந்தது, சோறு வந்தது. சபாபதி கொஞ்சநேரம் நின்றார். பிறகு வேட்டியை ஒதுக்கி, எதிர்ப்பந்தியில் அவருக்கு நேரே இருந்தார். பாயாசம் வரும்போது ஒருவர் கத்தரிக்காயில் உப்புக் கூடிவிட்டது என்றார், இன்னொருவர் அதை மறுத்தார், அதிலிருந்து பந்தி பழையபடி இரையத் தொடங்கியது. அம்பலவி இரண்டாம் முறை சோறு வாங்கினார். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார்.

பின்னேரம் தெப்பம் வள்ளங்கள் சூழக் கடலில் இறங்கியது. அதற்கு முன்னால் யாரும் நடக்கவில்லை. வெளித்தீவுச் சனம் அந்தக் கடலில் நடக்கிறவர் எங்கே என்று கேட்டது. மேற்கே பாருக்கு மேலே பொன்னுக்கிளியோடு நின்ற வள்ளத்தைக் காட்டி, அவர் உள்ளுக்குள் போய்விட்டார் என்று முருகைத்தீவார் சொன்னார்கள்.

உள்ளே பச்சை வெளிச்சமாக இருந்தது. இரண்டு கல்லுகளும் இருந்தன. அவர் ஒரு கையால் கல்லைப் பிடித்து, வாயை ஒட்டிவைத்துக் குடித்தார். அதே குளிர்தான். குடித்து முடித்ததும், பழக்கத்தில், பக்கத்துக்கு விலகி இடம்விட்டார். அந்த இடத்தில் கடற்புல் ஆடியது. ஒரு சின்ன ஓரா மீன் வந்து பார்த்துவிட்டுப் போனது. அவர் விலகியபடியே, கல்லைப் பிடித்தபடியே, முறை முடியும் அளவு நேரம் நின்றார். மூச்சுத் தீர்ந்து நெஞ்சு வலித்தது. இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு கல்லை விட்டார்.

தலை வெளியே வந்தபோது தெப்பம் பாதிக் கடலில் நின்றது. மேளம் அடிக்கவில்லை. வள்ளங்களில் இருந்த அத்தனை பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வள்ளங்களும் சாய்ந்திருந்தன. முதலில் பொன்னுக்கிளிதான் வாய் திறந்தாள்.

"மனிசனே நீர்? இவ்வளவு நேரமோ ஒராள் உள்ளுக்கை கிடக்கிறது? நாங்கள் இஞ்சை மூச்சை அடக்கிக்கொண்டு நிக்கிறம், உமக்கு அங்கை விளையாட்டு. கொஞ்சமாவது யோசினை இருக்கோ? ஏறும் வள்ளத்திலை."

அவள் நிறுத்தவில்லை, ஏசிக்கொண்டே கையை நீட்டினாள். அம்பலவி உடனே ஏறவில்லை. வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கழுத்துவரை நீருக்குள் கிடந்து, அவள் ஏசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.